நேரலையில் எங்கள் வீட்டுப் பங்கு

பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் சாவந்த் என்று எனக்குச் சொன்னது அவரல்ல, என் வீட்டு டிவி. செம்பூரில் இந்தக் கட்டடத்துக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. லிஃப்ட்டில் தினமும் பார்த்துக்கொள்கிறோம், தலையை அரை அங்குலம் ஆட்டிக்கொள்கிறோம், அவரவர் கதவைச் சாத்திக்கொள்கிறோம். டிவிக்கு இணையம் கொடுப்பதற்காக அதன் முதுகில் ஒரு குச்சியைச் சொருகியபோதுதான் அக்கம்பக்கத்து வைஃபைகளின் பெயர்கள் திரையில் வரிசைகட்டி நின்றன. சாவந்த் 702, குப்தா ஹோம், மம்மி கா வைஃபை, கை வைக்காதே என்று இந்தியில் ஒன்று. ஏழாவது மாடி முழுக்க ஆஜர், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு பூட்டுப் படம். நான்கு வருடம் வாயைத் திறக்காத மனிதர்கள் என் வீட்டு வரவேற்பறைக்குள் வந்து பெயரை மட்டும் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். இந்த நகரத்தில் அறிமுகம் என்பது இவ்வளவுதான்.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் பம்பாய்க்காரன் வீடு என்றால் சுவர் அகலத்துக்கு டிவி இருக்கும் என்று நினைத்துக்கொள்வீர்கள். என் வீட்டு டிவி முப்பத்திரண்டு அங்குலம். மகனுக்கு முதல் வேலை கிடைத்தபோது வாங்கியது. அதற்குப் புத்தி கிடையாது. இப்போது வருகிற டிவிகளுக்குத்தான் புத்தி இருக்கிறதாம். நான் தாராவியில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். குர்லாவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டி, காது பாதியும் கண் பாதியும் அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தோடு ஓய்வு பெற்றவன். வீட்டில் மனைவி சண்முகக்கனி, மகன் முத்துக்குமார், மருமகள் அஸ்வினி. அஸ்வினி மராத்திப் பெண், டோம்பிவிலிக்காரி. முத்துவோடு ஒரே ரயிலில் போய் வந்து பழக்கமானவள். இணையம் கொடுக்கிற ஒரு கம்பெனியில், இணைப்பு வரவில்லை என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. அப்படி ஒருத்தியை வீட்டில் வைத்துக்கொண்டுதான் நான் இந்தக் கதையில் வருகிற அத்தனை முட்டாள்தனத்தையும் செய்தேன்.

புத்தியில்லாத டிவிக்குத் திடீரென்று புத்தி வாங்கித் தரவேண்டி வந்ததற்குக் காரணம் எங்கள் ஊர்க் கொடை. திருநெல்வேலிப் பக்கம் வருடத்துக்கு ஒருமுறை அம்மனுக்கு நடக்கிற அதே கொடைதான். குடிதண்ணீர் நான்கு நாளுக்கு ஒருமுறை வருகிற எங்கள் ஊரில் இந்த வருடம் கொடையை நேரலையில் காட்டப்போகிறோம் என்று குழு முடிவு செய்தது. தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடக் காசில்லை, ஆனால் கேமரா வைக்க ஆள் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் செய்தி வந்த அன்றைக்கே துபாய், திருப்பூர், சூரத் என்று இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் கும்பிடும் கைகளாகப் போட்டுத் தள்ளினார்கள். நானும் இரண்டு போட்டேன். நான் அந்த ஊரை விரும்புகிறவன் அல்ல என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது வயதில் சந்தோஷமாகத்தான் அதை விட்டு வந்தேன். அங்கே எனக்கென்று ஒரு மரமோ கிணறோ கனவில் வந்ததில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: பங்கு பிரிக்கும்போது என் மகனின் பெயரைக் கூப்பிடுவதைக் கேட்க வேண்டும்.

பங்கு என்றால் பெரிய சொத்து ஒன்றுமில்லை. கொடை முடிந்த மறுநாள் காலையில், பந்தலில் எல்லாரையும் உட்கார வைத்து, ஒரு தேங்காய் மூடி, இரண்டு பழம், கொஞ்சம் பொங்கல், திருநீறு, எல்லாவற்றையும் வாழை இலையில் பொதிந்து நாரால் கட்டி, வீட்டுக்கு ஒன்றாகக் கொடுப்பார்கள். தர்மகர்த்தா மைக்கில் பெயர் சொல்லுவார். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் ஒரு வீடு, ஒரு பெயர், ஒரு பொதி. முதலில் மூத்தவன், அடுத்து அவனுடைய கல்யாணமான பிள்ளைகள், அதற்கடுத்து இளையவன் என்று வரிசை பிசகாமல் போகும். ஊரில் இல்லாதவன் பெயரையும் சொல்லுவார்கள். அவன் யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறானோ அந்தப் பங்காளி எழுந்து போய் அவனுக்காக வாங்கிக்கொள்வான். சொல்லாதவன் பங்கை யாரும் தொடமாட்டார்கள். கேளாமல் வாங்கினால் திருடின மாதிரி. என் பங்கைத் தம்பி இசக்கிதான் வாங்குவான். பம்பாய்க்கு வந்த பிறகு ஒரு தடவை சொன்னது, இத்தனை வருடமாக அந்த ஒரு சொல்லில் ஓடிக்கொண்டிருக்கிறது.

முத்துவுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். மூன்று கொடையிலும் அவன் பெயரை அழைக்கவில்லை. கேட்டால் லிஸ்ட் பழசு என்றார்கள், எழுதுகிறவர் கண் ஆபரேஷனுக்குப் போயிருக்கிறார் என்றார்கள், பெண் பாஷை தெரியாத பெண்ணாயிற்றே என்று இழுத்தார்கள். அவர்களுக்கு அவள் ஜாதி தெரியவில்லை, அதை என்னிடம் நேராகக் கேட்கத் தைரியமும் இல்லை, அவ்வளவுதான் விஷயம். சூரத்தில் இருந்துகொண்டு குஜராத்தியில் கனவு காண்கிறவன் பெயரையெல்லாம் கூப்பிடுகிறார்கள். அவன் பெண்டாட்டி நம்ம ஊர்ப் பெண் என்ற ஒரே தகுதி போதும், அவன் தமிழில் ஒரு போஸ்டர்கூடப் படிக்கமாட்டான்.

இசக்கி கல்யாணத்துக்கு வரவில்லை. பத்திரிகை போய்ச் சேர்ந்த அன்று போனில் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அந்தப் புள்ள எந்த வீட்டுப் புள்ளன்னு கேட்டா, ஊர்ல நான் என்னன்னு சொல்ல, அண்ணே?" என்றான். என் வீட்டுப் பிள்ளை என்று சொல்லுடா என்று கத்திவிட்டு வைத்தேன். அதற்கப்புறம் நான் அவனிடம் பேசவில்லை. அவனும் பேசவில்லை. இந்த வருடமும் கொடைக்குப் போகாததற்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். உண்மையில் டிக்கெட் போடவே இல்லை. ஊருக்குப் போனால் அவன் வீட்டில்தான் இறங்க வேண்டும்.

தாராவியில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கத்து ஆட்கள் நான்கு பேர் சேர்ந்து மனு மாதிரி ஒன்று எழுதி அனுப்பின பிறகு, தர்மகர்த்தா மனமிரங்கி எனக்குக் குரல் செய்தி அனுப்பினார். "அண்ணாச்சி, ஒங்க மவன் பேர லிஸ்ட்ல ஏத்தியாச்சி. நீங்க அங்கன இருந்தே நேரலைல பாத்துக்கிடுங்க." அதை நான் ஒன்பது தடவை கேட்டிருப்பேன். போனில் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம், முத்துவும் அதைத்தான் கேட்டான். உள்ளங்கையில் வைத்து ஒற்றை ஆளாக ஒளித்துப் பார்க்கிற விஷயமா அது? மூன்று வருடம் இழுத்தடித்த பெயரை, வீடே உட்கார்ந்து, அஸ்வினியை நடுவில் உட்கார வைத்து, பெரிய படமாகப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய படத்துக்கு என்னிடம் இருந்த பட்ஜெட் மூவாயிரம்.

மூவாயிரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலில் போனது தாராவியில் தொண்ணூறடி ரோட்டில் எங்கள் ஊர்க்காரன் தங்கராசின் கடைக்கு. ஊர்க்காரன் கடையிருக்க வேறொருத்தன் கடைக்குப் போவது எங்கள் ஆட்களுக்குப் பாவம். அரிசி முதல் ஆபரேஷன் வரை முதலில் ஊர்க்காரனைத்தான் கேட்போம், அவனிடம் ஏமாந்த பிறகு வெளியே போவோம். தங்கராசு ஒரு பெரிய டிவியைக் காட்டி, தவணையில் தருவதாகச் சொன்னான். நான் பட்ஜெட்டைச் சொன்னதும் முகம் சுருங்கி, மேசை இழுப்பறையில் இருந்து தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்தான். போனில் ஓடுவதை அப்படியே டிவியில் காட்டுமாம், அறுநூறு ரூபாய். "நம்ம ஊர்க்காரருக்கு நான் கெட்டதையா குடுப்பேன், அண்ணாச்சி?" என்றான். கொடுத்தான். வீட்டுக்கு வந்து சொருகினால் டிவியில் தபால்தலை அளவுக்கு என் போன் தெரிந்தது, அதுவும் நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை விட்டது. போனில் கால் வந்தால் டிவியும் சேர்ந்து மணியடித்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, உங்கள் போனுக்குத்தான் வயசாகிவிட்டது என்று எனக்குப் புதுப் போன் விற்கப் பார்த்தான்.

இந்த இடத்தில் என் பெருமையையும் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நான் ஏன் மருமகள் பேச்சைக் கேட்கவில்லை என்பது புரியாது. நான் தாராவிக்கு வந்த காலத்தில் எங்கள் ஊர் ரூம் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து வருகிற ஆம்பளைகள் எல்லாரும் அங்கே வந்துதான் டிரங்குப் பெட்டியை இறக்குவார்கள். பத்துக்குப் பதினான்கு அடியில் இருபத்திரண்டு பேர், ஷிப்டு முறையில் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை பகலில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்துவந்து படம் போடுவார்கள். டெக்கை டிவியோடு கோர்க்கிற வேலை என்னுடையது. லேத் கைக்காரன் என்பதால் வயர் விஷயமெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று அந்த ரூமில் ஒரு முடிவு. மூன்றாம் சானலில் புள்ளிப் புள்ளியாக வருவதை ஸ்குரூ டிரைவரால் திருகித் திருகி மூக்கும் முழியுமாகக் கொண்டுவந்துவிட்டால், இருபத்திரண்டு பேரும் என்னை விஞ்ஞானி மாதிரி பார்ப்பார்கள். அணுசக்தி நகரில் இருக்கிற நிஜ விஞ்ஞானிகளுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது. அந்த மரியாதையில் வீங்கின தலை இன்னும் வற்றவில்லை.

ஆகவே இரண்டாவது தடவை நானே லாமிங்டன் ரோட்டுக்குப் போனேன். எலெக்ட்ரானிக் சாமான் என்றால் பம்பாயில் அந்தத் தெருதான். அஸ்வினி ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள்: டிவி பின்னால் சொருகுகிற குச்சி ஒன்று, அதற்குத் தனி சார்ஜர், லேன் வயரைக் குச்சியோடு சேர்க்கிற சின்ன அடாப்டர் ஒன்று, பதினைந்து மீட்டர் லேன் வயர். முதல் இரண்டும் சரி. பின்னால் உள்ள இரண்டும் எதற்கு என்று கேட்டேன். நம் கட்டடத்தில் ஒரு மாடிக்கு எட்டு வைஃபை, எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன, நேரலைக்கு ஒரு நொடி முட்டினாலும் படம் நின்றுவிடும் என்று இந்தியில் பொறுமையாகச் சொன்னாள். கம்பியில்லாமல் வருவதற்குத்தானே வைஃபை, அதற்கு ஏன் கம்பி என்று நான் அவளை மடக்கினேன். அவள் சிரித்தாள். ஒரு நாளைக்கு நூறு பேர் போனில் இதையேதான் கேட்கிறார்களாம்.

லாமிங்டன் ரோட்டுக் கடைக்காரன் என் வயதைப் பார்த்து ஒரு ஸ்டூல் போட்டான். "சாச்சா, தேக்னா க்யா ஹை?" என்று கேட்டான். எதைப் பார்க்கப்போகிறீர்கள் என்பது தெரிந்தால்தான் எந்தக் குச்சி என்று சொல்ல முடியுமாம். கோயில் விழா என்றேன். உடனே இந்தியாவில் உள்ள சாமிகளையெல்லாம் நேரடியாகக் காட்டுகிற ஒரு செயலியைத் திறந்து காசி, திருப்பதி, ஷீர்டி என்று தள்ளிக்கொண்டே போனான். இதெல்லாம் வேண்டாம், என் ஊர்க் கோயில், அதிலே என் மகனின் பெயர் வரும், அதைப் பார்க்க வேண்டும் என்று என் பட்டறை இந்தியில் சொன்னேன். அவன் கண் விரிந்துவிட்டது. மகன் டிவியில் வரப்போகிறானா, நடிகனா, பாட்டுக்காரனா என்று கேட்டு, பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுச் சொல்லி, எனக்கு அரை கிளாஸ் கட்டிங் சாய் வரவழைத்துக் கை குலுக்கினான். வாழை இலைப் பொதிக்கு ஒரு ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை இந்தியில் எப்படி விளக்குவது என்று தெரியாமல் நானும் ஆமாம் என்று குடித்துவிட்டேன். அந்தச் சாய்க்கு மரியாதையாகக் குச்சியில் இருநூறு ரூபாய் குறைத்தான். குச்சியையும் சார்ஜரையும் வாங்கினேன். அடாப்டரையும் வயரையும் சேர்த்தால் மூவாயிரத்தைத் தாண்டுகிறது என்று விட்டுவிட்டேன். உண்மையில் தாண்டியது முன்னூறு ரூபாய்தான். அந்த முன்னூறை வீட்டுக்குத் திரும்பி வரும்போதே டாக்ஸிக்குக் கொடுத்தேன்.

குச்சியை நானே சொருகினேன். சார்ஜர் எதற்கு, டிவியின் முதுகிலேயே யூஎஸ்பி ஓட்டை இருக்கிறதே என்று அதில் கொடுத்தேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அணைந்து அணைந்து எழுந்தது. அஸ்வினி வந்து சார்ஜரைச் சுவரில் மாட்டினாள், சரியாகிவிட்டது. பழைய டிவியில் ஒரு ஹெச்டிஎம்ஐ துளை கேபிள் பெட்டிக்குப் போய்விட, மிச்சமிருந்த துளை ஆடிப்போயிருந்தது. குச்சி தன் கனத்தாலேயே கீழே தொங்கும். அதற்கு நான் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை உடைத்து முட்டுக் கொடுத்தேன். அந்த முட்டைப் பார்த்து வீட்டில் யாரும் விஞ்ஞானி என்று சொல்லவில்லை. ஒரு வாரம் சமையல் வீடியோ, செய்தி, அஸ்வினியின் மராத்தி நாடகம் எல்லாம் தடையில்லாமல் ஓடின. எங்கே உன் முட்டல் என்று நான் அஸ்வினியைக் கேட்டேன். "அப்பா, லைவ் அலக் ஹோதா ஹை," என்றாள். நேரலை வேறு மாதிரி என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் ஒரு பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் சண்முகக்கனி எனக்குப் பின்னாலேயே வந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு டிவி எப்படி வருகிறது என்பதில் அக்கறை இல்லை. "ஒங்க தம்பிக்கு ஒரு போனப் போட்டு, முத்து பங்கையும் நீ வாங்கிக்கிடுன்னு சொல்லிருங்க. நீங்க சொல்லாம அவன் எப்பிடி எந்திரிச்சிப் போவான்?" என்றாள். லிஸ்டில் பெயர் ஏறினால் போதாதா, ஒரு தேங்காய் மூடிக்காக நான் அவன் காலில் விழவேண்டுமா என்றேன். மூன்று வருடம் கழித்து நான் முதலில் கூப்பிட்டால், அவன் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? எனக்கு வேண்டியது பெயர்தான், பொதி அல்ல. அவள் ஒரு முறை என் முகத்தைப் பார்த்துவிட்டு முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டாள். தினமும் ஒரு தடவை சொன்னாள், நான் தினமும் ஒரு தடவை சார்ஜரைச் சரி பார்த்தேன்.

பங்கு பிரிக்கிற நாள் புதன்கிழமை. முத்து அரை நாள் லீவு போட்டான், அஸ்வினி மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலை ஒன்பதரைக்கு நால்வரும் உட்கார்ந்தோம். சண்முகக்கனி டிவிக்கு முன்னால் ஒரு ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள். படம் வந்ததும் நான் பந்தலைக் கிண்டல் செய்தேன். மேடைக்குப் பின்னால் ஊர் எம்எல்ஏவின் படம் அம்மனைவிடப் பெரிதாக இருந்தது. ஸ்பீக்கரில் சினிமாக்காரன் பாடின பக்திப் பாட்டு காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் தர்மகர்த்தா மைக்கைத் தட்டித் தட்டிப் பெயர்களைக் கூப்பிட்டார். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் இசக்கி உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. மூன்று வருடத்தில் ஒரு மனிதனுக்கு இவ்வளவு வயதாகுமா என்று நினைத்தேன், பக்கத்தில் இருந்த சண்முகக்கனி அதை வாய்விட்டே சொன்னாள்.

ஒரு மணி நேரம் போனது. எங்கள் வகையறா வந்தது. முதலில் மூத்தவன், அதாவது நான். மைக்கில் பம்பாய் என்று சொல்லி என் பெயரைச் சொன்னார்கள். இசக்கி எழுந்து போய், துண்டை இடுப்பில் கட்டி, இரண்டு கையாலும் பொதியை வாங்கிக்கொண்டு திரும்பினான். அவ்வளவுதான். அதற்குமேல் திரையின் நடுவில் ஒரு வட்டம் வந்து சுற்ற ஆரம்பித்தது. இசக்கி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டான். நான் எழுந்து பிரஷ் முட்டை அழுத்தினேன். முத்து குச்சியை ஆட்டினான். அஸ்வினி ரௌட்டருக்கு ஓடினாள். முத்து தன் போனில் மொபைல் டேட்டாவில் திறந்தான், அதில் முதலில் ஒரு சிமெண்ட் விளம்பரம் ஓடியது, அதைத் தள்ள முடியவில்லை. அது முடிந்து படம் வருவதற்குள் டிவியிலும் படம் வந்துவிட்டது. மைக்கில் வேறு வகையறாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இழுத்துப் பார்த்தான் முத்து, நேரலையில் பின்னால் போகிற வசதியைக் குழுக்காரர்கள் அடைத்து வைத்திருந்தார்கள். அஸ்வினி என்னைப் பார்க்கவில்லை. வயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபப்பட வசதியாக இருந்திருக்கும்.

தர்மகர்த்தாவுக்குப் போன் போட்டுக் கேட்டால் என்ன என்றான் முத்து. கேட்டால், கூப்பிட்டோமே அண்ணாச்சி என்பார். கூப்பிடாமல் விட்டிருந்தாலும் அதையேதான் சொல்லுவார். அவர் வாயை நம்புவதாக இருந்தால் நான் எதற்குக் குச்சி வாங்கினேன்? முத்து தோளைக் குலுக்கினான். அவனுக்கு இதில் பெரிய ஆர்வம் இருந்ததாக நான் பொய் சொல்லமாட்டேன். "இட்ஸ் ஓகேப்பா, பேரு வந்தா என்ன, வராட்டி என்ன," என்றான். அவனுக்கு ஓகே. அவன் தாராவியில் பிறந்தவன், இந்தியில் கோபப்படுகிறவன், தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவன். அவனுக்கு ஓகே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பன்னிரண்டு மணி வாக்கில் முழுப் பதிவையும் ஏற்றினார்கள். நான் பாய்ந்து போட்டேன். படம் தெளிவாக வந்தது, சத்தம் இல்லை. டிவி ரிமோட்டை அழுத்தினேன், குச்சி ரிமோட்டை அழுத்தினேன். முத்து பார்த்துவிட்டுச் சொன்னான்: பந்தலில் போட்ட சினிமாப் பாட்டு இன்னொருத்தன் சொத்தாம், பாட்டுக்குச் சொந்தக்காரன் விடாததால் வீடியோத் தளம் மொத்தச் சத்தத்தையும் அழித்துவிட்டதாம். ஊர்க்காரன் புத்தி எப்படி வேலை செய்கிறது பாருங்கள். பெயரை உலகத்துக்குக் கேட்க வைக்கக் கேமரா வாங்கினார்கள், அந்தப் பெயரைத் தின்ன ஸ்பீக்கரும் வாங்கினார்கள். அரை நாள் லீவு முடிந்து முத்து ஆபீஸுக்குக் கிளம்பிப் போனான். அஸ்வினி வேலைக்குப் போகிற உடுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சத்தம் வேண்டாம் அப்பா, பார்ப்போம் என்றாள். சண்முகக்கனியும் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

ஓட்டிக்கொண்டே போய் அந்த இடத்தைப் பிடித்தோம். இசக்கி என் பொதியை வாங்கிக்கொண்டு வந்து உட்காருகிறான். தர்மகர்த்தா தாளைப் பார்க்கிறார், வாய் அசைகிறது. ஒருவரும் எழவில்லை. அவர் தலையைத் தூக்கி முன்வரிசையைப் பார்க்கிறார். பக்கத்தில் இருக்கிற ஆள் இசக்கியைத் திரும்பிப் பார்க்கிறான். இசக்கி சட்டைப்பையில் இருந்து போனை எடுத்துப் பார்த்தான். விரலால் ஒரு தடவை தள்ளிப் பார்த்தான். பிறகு அதைத் திரும்பப் பையில் வைத்தான். தர்மகர்த்தா மறுபடி கூப்பிட்டார், அதே வாயசைவு. இசக்கி பாதி எழுந்தான். முழங்காலில் கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, அப்படியே ஒரு கணம் நின்றான். பிறகு வேட்டியைச் சரி செய்கிற மாதிரி செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். அவர் கையில் இருந்த பொதியை மேடையோரத்து பெஞ்சின் நுனியில் தனியாக வைத்தார். அடுத்து அவர் வாய் அசைந்ததும் இசக்கி எழுந்து போய்த் தன் பங்கை வாங்கிக்கொண்டான்.

மூத்தவனுக்கும் இளையவனுக்கும் நடுவில் ஒரு பெயர்தான் வர முடியும். கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு தடவையல்ல, இரண்டு தடவை. மூன்று வருடம் நான் திட்டித் தீர்த்த ஊர் சொன்னதைச் செய்துவிட்டது. அறுநூறு ரூபாய்ப் பெட்டி வாங்கினேன், குச்சி வாங்கினேன், பிரஷ்ஷை உடைத்தேன், முன்னூறு ரூபாய் வயருக்குக் கணக்குப் பார்த்தேன். ஒரு ரூபாய் செலவில்லாத போனை மட்டும் நான் போடவில்லை. அந்தப் போன் வந்திருக்கிறதா என்று என் தம்பி ஊர்ச் சபை நடுவில் எடுத்துப் பார்த்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. சண்முகக்கனி என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீடியோவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. கேமராக்காரன் அதை அப்படியே ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான் போலிருக்கிறது. கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை அடுக்கினார்கள். எம்எல்ஏ படத்தைச் சுருட்டினார்கள். பெஞ்சின் நுனியில் அந்த இலைப் பொதி மட்டும் இருந்தது. ஒருத்தன் பெஞ்சைத் தூக்க வந்து, பொதியைப் பார்த்து, சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, பெஞ்சை விட்டுவிட்டுப் போனான். அஸ்வினிக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் எழவில்லை. சண்முகக்கனியிடம் கற்றுக்கொண்ட தமிழில், திரையைக் காட்டிக் கேட்டாள்.

"அப்பா, அது நம்மளதா?"

"ஆமா. நம்மளதுதான்."

அவள் தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பதிவில் இன்னும் பதினொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அது முடிகிறவரை பொதி அந்த பெஞ்சில்தான் இருந்தது, நாங்கள் மூன்று பேரும் செம்பூரில் ஏழாவது மாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.